நாடகக் கொட்டகையும் நட்டஈட்டுச் சட்டமும்

களனி கங்கை கடலொடு கலக்குமிடத்தை முகத்துவாரம் என்பர். அதன் தென்பால் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, செட்டியார் தெரு ஆகியன ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. மேற்கே துறைமுகம். 1875ஆம் ஆண்டில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்ட நாள்தொட்டு இப்பகுதியின் வாழ்வு பெரும்பாலும் கப்பலையும் கயிற்றையும் சார்ந்தே நடந்து வந்தது. இதே பகுதியிற்றான் கொழும்புத் தமிழரின் நாடக வாழ்வும் தழைத்தது. ஜிந்துப்பிட்டிக் கொட்டகையில் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் விடியும்வரை நடந்த காலம் ஒன்றிருந்தது. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி வந்த கொம்பனிகள் வாரக்கணக்கிலே தங்கி ஆடின. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கொழும்பு மேடையிற் சேர்ந்து பாடியதும் 1920களின் நிகழ்ச்சியேயாகும்.

அந்நாடகங்களின் இலக்கியச் சிறப்பையும் இசைச் சிறப்பையும் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். யாம் ஈண்டு ஆராயப் புகுவது வேறொன்று. பகலிலே துறைமுகத்தில் மூடை சுமந்து, இரவிலே கொட்டகையில் திரைக்கயிறு இழுக்கும் ஒரு தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். கப்பலேணியிலிருந்து வீழ்ந்து அவன் கால் முறிந்தால் அவனுக்கு ஈடு செய்பவர் யார்? அதே கால் நாடக மேடையின் பரணிலிருந்து வீழ்ந்து முறிந்தால் ஈடு செய்பவர் யார்? கால் ஒன்றே, கயிறும் ஏறக்குறைய ஒன்றே. மேனாட்டு அரங்குகளில் திரை இழுப்பதற்கு மாலுமிகளையே வேலைக்கமர்த்தினர் என்றும், அவர்கள் சீழ்க்கையாற் குறிப்புணர்த்திய காரணத்தாலேயே மேடையிற் சீழ்க்கையடித்தல் தீக்குறியாயிற்று என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதையின் உண்மை எவ்வாறாயினும், இரு தொழிலுக்குமுள்ள உறவு தெளிவு. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு அவ்விரு வீழ்ச்சியும் ஒன்றாகத் தோன்றவில்லை.

தொழிலாளிக்கு நேரும் விபத்தைத் தனி மனிதனின் தலைவிதி என்று விடாது, தொழிலின் செலவுகளுள் ஒன்றாகக் கொள்ளும் கருத்து ஜெர்மனியில் 1884ஆம் ஆண்டின் விபத்துக் காப்புறுதிச் சட்டத்தால் உருப்பெற்றது. பிரித்தானியா 1897இல் அதனைப் பின்பற்றியது. ஆயினும் புகையிரதப் பாதை, தொழிற்சாலை, சுரங்கம், கல்லுடைக்கும் குழி, உயர்ந்த கட்டடங்களின் வேலை முதலியவற்றுக்கு அப்பால் அச்சட்டம் செல்லவில்லை. 1906ஆம் ஆண்டுச் சட்டமே வேலி கடந்து ஏறக்குறைய எல்லாத் தொழிலாளரையும் உள்ளே அழைத்தது. கையுழைப்பு அல்லாத வேலையில் ஆண்டுக்கு 250 பவுணுக்கு மேல் ஊதியம் பெறுவோரை மாத்திரம் அது விலக்கிற்று. இதனால் அந்நாட்டு இசைநாடகக் குழுவிலே கூட்டுப் பாடலில் நிற்கும் பெண்ணும் திரை இழுப்பவனும் சட்டத்தின் நிழலில் வந்தனர். பெயர்பெற்ற தலைமை நடிகர் வெளியே நின்றார். அவருக்கு அது பெருங் குறையன்று.

சட்டத்தின் போக்கு இவ்வாறாக, அரங்கின் பாதுகாப்பைப் பற்றிய எண்ணமோ வேறொரு வாயில் வழியே வந்தது. அவ்வாயில் நெருப்பு. 1887 செப்டெம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் எக்செற்றர் நகர அரங்கு எரிந்தபோது 186 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் மேல்மாடத்திலிருந்து மலிந்த சீட்டிற் பார்த்த ஏழை மக்கள். 1903 டிசெம்பர் 30ஆம் நாள் சிக்காகோவின் இரொக்குவா அரங்கில் 'மிஸ்டர் புளூ பியர்ட்' என்னும் இசைநாடகம் நடக்கையில் விளக்கின் பொறி மெல்லிய திரையைப் பற்றியது. தீயைத் தடுக்கவென இறக்கிய கல்நார்த் திரை பாதியிலே சிக்கிக்கொண்டது. இறந்தவர் 602 பேர். நடிகரும் மேடைத் தொழிலாளருமோ ஒருவரிருவர் தவிரப் பின்வாயிலாற் பிழைத்தனர். இத்தகைய நிகழ்ச்சிகளின் பின்னர் இயற்றப்பட்ட விதிகள் எதனைக் கருதியிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். வெளிப்புறந் திறக்கும் கதவு, அகன்ற நடைவழி, இருக்கைகளின் இடைவெளி, மேடைக்கும் மக்களுக்குமிடையே இறங்கும் இரும்புத்திரை ஆகிய யாவும் சீட்டு வாங்கி வந்தவருக்காகவே அமைந்தன.

இரும்புத்திரையின் மறுபுறம் நின்றவர் கதி என்ன என்பதை எடின்பரோ நகரின் எம்பயர் மாளிகை அரங்கு காட்டிற்று. 1911 மே 9ஆம் நாள். 'பெருந்தகை லாபயெத்' என விளம்பரம் பெற்ற மாயவித்தைக்காரர் தம் ஆட்டத்தின் இறுதிக் காட்சியை நடத்திக்கொண்டிருந்தார். விளக்கொன்றிலிருந்து அலங்காரத் துணியிற் தீப் பற்றியது. இரும்புத்திரை உடனே இறங்கிற்று. வாத்தியக் குழுவினர் அரச வாழ்த்தை இசைத்தனர். ஏறக்குறைய 3,000 மக்கள் சில நிமிடங்களிலே ஊறின்றி வெளியேறினர். சட்டம் வென்றது. ஆனால் திரைக்குப் பின்னால் லாபயெத் உட்படப் பதினொருவர் கருகி இறந்தனர் என்று கணக்கிடுவர். தம் தந்திரங்களின் இரகசியம் பிறர் கண்ணிற் படாதிருக்க மேடைப்பக்கக் கதவை அவர் பூட்டி வைப்பித்திருந்தார் என்றும் சொல்வர். இன்னும் ஒன்று: முதலிற் கண்டெடுத்த சடலத்தை அவருடையதென்று கருதிக் கிளாஸ்கோ நகருக்குத் தகனஞ் செய்ய அனுப்பிவிட்டனர். பின்னரே அது மேடையில் அவருக்குப் பதிலாகத் தோன்றும் ஒப்புரு நடிகரின் உடலென்று தெரியவந்தது. உயிரோடிருந்தபோது மற்றொருவராகத் தோன்றிப் பிழைத்தவர், இறந்தும் சிறிது நேரம் அவ்வாறே கொள்ளப்பட்டார். மேடைத் தொழிலாளியின் நிலையை இதனினும் தெளிவாக உரைக்கும் செய்தியை யாம் வரலாற்றிற் கண்டிலேம்.

அதே 1911ஆம் ஆண்டு இலங்கை நாடக வரலாற்றிலும் குறிக்கத்தக்கது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுணவிலாச சபையார் கொழும்புக்கு வந்து நடித்தது அவ்வாண்டிலேயே. அவர்தம் நாடகங்களின் தூண்டுதலால் இங்கு எழுந்த பயில்முறைச் சபைகளின் கதையைக் கலையரசு சொர்ணலிங்கம் தம் 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்னும் நூலில் விரித்துள்ளார். அவ்வாண்டு டிசெம்பரில் மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டது. பார்சிக் குழுக்களின் வழியாக வந்த இந்துஸ்தானி மெட்டுகளோடு கூடிய நூர்த்தி நாடகங்களுக்கு அது நிலைக்களமாயிற்று. மறு ஆண்டில் 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொதுக்காட்சிகள் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பெயரே அதன் நோக்கத்தைக் கூறும்: காட்சியும் பொதுமக்களுமே அதன் பொருள்.

இனி, நம் கொட்டகையில் இருந்த இடர்கள் யாவை என்று நோக்குவோம். தென்னோலையோ தகரமோ வேய்ந்த கூரை, மூங்கிற் பரண், எண்ணெய்ச் சாயந் தீட்டிய திரைச்சீலைகள், அவற்றருகே காற்றடைத்து ஏற்றும் விளக்குகள், அசுரன் தோன்றும்போது பந்தத்தில் தூவும் குங்கிலியப் பொடி ஆகிய அனைத்தும் ஒரே மேடையில் நெருங்கி நின்றன. வேறு விரித்தல் வேண்டா. மேனாடும் இதற்கு விலக்கன்று. பாரிஸ் இசைநாடக மன்றத்தின் ஆடல்நங்கை எம்மா லிவ்ரி, 1862 நவம்பர் 15ஆம் நாள் ஒத்திகையின்போது தன் மெல்லாடை வாயுவிளக்கிற் படத் தீப்பற்றி, எட்டுத் திங்கள் நோயோடு போராடி மறு ஆண்டு ஜூலையில் இறந்தாள். தீப்பற்றாத மருந்து தோய்த்த ஆடை அக்காலத்தே கிடைத்தது. அது விறைப்பாயும் அழுக்கு நிறமாயும் இருந்ததால் அவள் அணிய மறுத்திருந்தாள். பிற்கால நட்டஈட்டுச் சட்டங்கள், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறிய தொழிலாளிக்கு நேரும் சிறுகாயங்களுக்கு ஈடு இல்லை என்றன. அழகே தொழிலாகவுள்ள ஒருத்தி அழகைக் கெடுக்கும் காப்பை மறுத்தல் 'வேண்டுமென்றே மீறுதல்' ஆகுமா என்பது சட்டம் பயில்வோர் ஆராய வேண்டிய வினா.

நெருப்பினும் மெல்ல வேலை செய்யும் இடர் மற்றொன்றுண்டு. நடிப்புத் தொழிலையே நாம் 'அரிதாரம் பூசுதல்' என்கிறோம். அரிதாரம் என்பது கந்தகமும் பாஷாணமும் கலந்த மஞ்சட் கனிப்பொருள். செந்நிறத்துக்குப் பயன்படும் சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. கதகளி வேடத்தில் மனையோலையென்றும் சாயில்யமென்றும் வழங்குவன இவையே. 1906ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் தொழிலால் வரும் நோய்கள் ஆறினை முதன்முதல் அட்டவணைப்படுத்திற்று. அவற்றுள் பாஷாண நஞ்சேற்றமும் பாதரச நஞ்சேற்றமும் இரண்டு. தொழிற்சாலையில் இவற்றைக் கையாண்டவன் முகத்திற்படாமற் காத்துக்கொள்ளுமாறு எச்சரிக்கப்பட்டான். நம் வேடதாரிகளோ இவற்றை முகத்திலேயே பூசி, இரவெல்லாம் வியர்வையோடு ஊறவிட்டு, விடிந்தபின் எண்ணெயிட்டுத் துடைத்தனர்.

இந்திய அரசு 1923ஆம் ஆண்டில் தன் நட்டஈட்டுச் சட்டத்தை இயற்றிற்று. இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதனை அடியொற்றியதே. இச்சட்டங்களின் பெருஞ்சிறப்பு யாதெனில், முதலாளியின் கவனக்குறைவைத் தொழிலாளி நிறுவவேண்டிய கடமை இல்லாமற் போனதாகும். வேலை காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நேர்ந்தது என்பதே போதும். 1922இல் தொடங்கிய ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கமும், 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தமும், 1927ஆம் ஆண்டுத் துறைமுக வேலைநிறுத்தமும் கொழும்புத் தொழிலாளியின் குரலைச் சட்டமன்றத்தின் காதுக்கு எட்டச் செய்திருந்த காலம் அது. துறைமுகத் தொழிலாளிக்கு அச்சட்டம் பெரும்பேறே.

நாடகத் தொழிலாளிக்கு அது எவ்வளவு பயன்பட்டது? இந்தியச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படிப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. யாரெல்லாம் வேலையாளர் என்று வரிசைப்படுத்தும் அவ்வட்டவணையில் பொதுமக்களுக்கான சலனப்படம் எடுப்போரும் அதனைக் காட்டுவோரும் இடம்பெற்றனர். யானைகளையும் காட்டு விலங்குகளையும் பழக்குவோரும் இடம்பெற்றனர். நாடக நடிகன் என்னும் சொல்லை ஆங்குத் தேடி யாம் சோர்ந்தோம். அரிச்சந்திரன் நாடகத்துக்கு யானை ஒன்றை மேடையேற்றினால் பாகன் பெயர் அட்டவணையில் உண்டு. அரிச்சந்திரன் பெயர் இல்லை.

முதலாவது அட்டவணை இதனினும் பொருள் பொதிந்தது. உறுப்பு இழப்புக்கு ஈட்டுந்திறன் எத்தனை வீதம் குறையும் என்பதை அது விதிக்கின்றது. 1923ஆம் ஆண்டு மூலச் சட்டப்படி வலக்கை முழங்கைக்கு மேல் இழந்தால் நூற்றுக்கு 70; இடக்கையாயின் 60; ஒரு கண்ணுக்கு 30; பெருவிரலுக்கு 25; சுட்டுவிரலுக்கு 10. செவிப்புலன் முற்றும் இழந்தால் 50. மூடை சுமப்பவனுக்கு இக்கணக்கு ஒருவாறு பொருந்தும். மிருதங்கக்காரனுக்குச் சுட்டுவிரல் பத்து வீதமா? அதனை இழந்த மறுநாளே அவன் தொழில் முடிந்துவிடுமன்றோ! வகுப்பிலே இவ்வட்டவணையை யாம் படித்துக் காட்டியபோது பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "தொண்டைக்கு எத்தனை வீதம், ஐயா?" என்றான். தொண்டை அட்டவணையில் இல்லை. ஒலிபெருக்கி வருமுன்னர், கொட்டகையின் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கும்படி நள்ளிரவு கடந்தும் பாடியே பொருளீட்டிய ஒரு கூட்டத்தாருக்கு அத்தொழிலின் கருவி சட்டத்தின் கணக்கிலேயே ஏறவில்லை.

தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியராக விளங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் இறுதிக் காலத்தில் வாதநோயாற் பேச்சிழந்து, 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியிற் காலமானார். தாம் பயிற்றுவித்த பாலர் சபைச் சிறுவரிடையே அவர் ஊமையாய் வாழ்ந்த அந்நாட்களுக்கு எந்தச் சட்டத்திலும் ஈடு இல்லை. நோய் வேறு, விபத்து வேறு என்பது சட்டத்தின் விடை. அது முறையான விடையே. ஆயினும் அவரைத் தாங்கியவர் அவர் மாணாக்கரேயன்றி ஒரு காப்புறுதிக் கொம்பனியன்று என்பதையும் குறித்தல் வேண்டும்.

உண்மையில் நாடக உலகம் தனக்கென ஒரு காப்புறுதியை வைத்திருந்தது. அதற்கு 'பெனிபிட்' நாடகம் என்று பெயர். நடிகனொருவன் நோயுற்றாலோ இறந்தாலோ, ஓரிரவு வசூலை அவனுக்கோ அவன் குடும்பத்துக்கோ ஒதுக்கி ஏனையோர் கூலியின்றி நடிப்பர். இலண்டன் அரங்குகளிலும் இவ்வழக்கம் நெடுநாள் இருந்தது. அங்கே அது வளர்ந்து 1882இல் நடிகர் நலநிதியாகவும், 1930இல் ஈக்குவிட்டி என்னும் நடிகர் தொழிற்சங்கமாகவும் உருமாறிற்று. நம்மிடையே அது ஈகையாகவே நின்றது. ஈகையின் குறை யாதெனில், அது பெயர்பெற்றவனுக்கு நிரம்பக் கிடைக்கும். திரை இழுப்பவனுக்குக் கிடைப்பதில்லை. 'இராஜபார்ட்' நோயுற்றார் என்றால் கொட்டகை நிறையும். பரணிலிருந்து வீழ்ந்தவன் பெயரைச் சுவரொட்டியிற் போட்டால் யார் சீட்டு வாங்குவர்?

சட்டம் நேரிற் பொருந்தும் இடத்திலும் மூன்று முடிச்சுகள் இருந்தன. முதலாவது, முதலாளி யார் என்பது. கொம்பனி உரிமையாளர் மதுரையார்; கொட்டகை உரிமையாளர் கொழும்பார்; இடையிலே ஒப்பந்தம் பேசியவர் மூன்றாமவர். கொம்பனி கலைந்து கப்பலேறிவிட்டால் வழக்கைத் தொடுப்பது யார்மேல்? இரண்டாவது, இடைக்கால வேலை பற்றியது. தற்செயலாக அமர்த்தப்பட்டவனாயும், முதலாளியின் வியாபாரத்துக்கு அல்லாத வேலையைச் செய்பவனாயும் இருப்பவனைச் சட்டம் விலக்கிற்று. கொட்டகை ஒரு வியாபாரமாதலின் அங்கே ஓரிரவுக்கு வந்தவனும் ஒருவாறு தப்பலாம். கோயில் திருவிழாச் சபையோ பயில்முறை நாடக மன்றமோ வியாபாரம் நடத்துவதில்லை; அங்கே கூலிக்கு மேடை கட்டுபவன் இரு நிபந்தனைக்கும் அகப்பட்டு வெளியே நிற்பான். மூன்றாவது முடிச்சு பயில்முறை நடிகருடையது. ஊதியமே பெறாதவர் வேலையாளரே அல்லர். நம் கல்லூரி மேடைகள் உட்பட, இந்நாட்டுத் தமிழ் நாடகத்திற் பெரும் பகுதி இவ்வகையினதே என்பதை வாசகர் அறிவர்.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் காலமும் மாறிற்று. 1931 அக்டோபர் 31ஆம் நாள் 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தது. 1933 டிசெம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா தம் 27ஆம் வயதில் மறைந்தார். மறு ஆண்டில் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. கொட்டகைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படமாளிகைகளாயின. டவர் மண்டபமும் அவ்வழியே சென்றது. காக்கவந்த சட்டம் வாயிலை அடைந்தபோது காக்கப்படவேண்டியவர் பின்வாயிலாற் போய்க்கொண்டிருந்தனர். எஞ்சியவர் யாழ்ப்பாணத்து இசைநாடகக் கலைஞரே. நடிகமணி வி. வி. வைரமுத்துவும் அவருடைய வசந்த கான சபையினரும் மயான காண்டத்தை ஊரூராகச் சென்று நடித்துக் கொட்டகைக் கலையை நெடுங்காலம் உயிரோடு வைத்திருந்தனர்.

தொழிற்சாலைச் சட்டங்களின் வரலாற்றிலும் இப்பிளவு தெரிகின்றது. நம் நாட்டின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்கு முன்மாதிரியான 1937ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் சலனப்படம் எடுக்கும் இடத்தைத் தொழிற்சாலை என்றது. உடனே, அங்கு நடிப்பவரின் வேலையைத் தொழிற்சாலை வேலையாகக் கொள்ளலாகாது என்றும் விதித்தது. ஒரே கூரையின்கீழ் ஆணியடிப்பவன் தொழிலாளி. அவ்வாணி காலிற் குத்திய நடிகன் தொழிலாளியல்லன்.

1978ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் டவர் மண்டப அரங்க மன்றம் நிறுவப்பட்டது. மண்டபம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் நாடகத்துக்குத் திறக்கப்பட்டது. பழைய நூர்த்திக் கலைஞர்க்கு ஓய்வூதிய உதவியும் வழங்கப்படலாயிற்று. முதுமையில் வாடிய பாடகர்க்கு அது பெருந்துணை. அதனைக் குறைத்துக் கூறுதல் எம் கருத்தன்று. ஆயினும் உதவித்தொகை வேறு, நட்டஈடு வேறு: முன்னது தருவோரின் விருப்பம், பின்னது பெறுவோரின் உரிமை. ஜிந்துப்பிட்டிக் கொட்டகையில் உழைத்தோருக்கு முன்னதும் வாய்க்கவில்லை. அவர்களுள் 1978வரை வாழ்ந்திருந்தவர் சிலரே.

உரிமை நிலைபெற்ற நாடுகளில் எல்லாம் செம்மையாய் நடக்கின்றது என்று எண்ணுதலும் தவறு. 2010 டிசெம்பர் 20ஆம் நாள் நியூயோர்க் பிரோட்வேயில் 'ஸ்பைடர் மேன்' இசைநாடகம் நடக்கையில் கிறிஸ்தோபர் ரியர்னி என்னும் நடிகர் ஏறக்குறைய 30 அடி உயரத்திலிருந்து மேடைக்கீழுள்ள குழியில் வீழ்ந்தார். காப்புக் கயிற்றின் மறுமுனை உரிய இடத்தில் மாட்டப்படவில்லை. தலையோடும் முதுகெலும்பும் உடைந்தும் அவர் பிழைத்து, மாதங்கள் கழித்து மீண்டும் அதே மேடைக்கு வந்தார். கோடிக்கணக்கான டொலர் செலவில் உருவான அந்நாடகத்தின் தயாரிப்பாளருக்குத் தொழிற்பாதுகாப்பு அதிகாரிகள் 2011இல் விதித்த தண்டப்பணம் 12,600 டொலர். அங்கே வியத்தற்குரியது தண்டத்தின் சிறுமையன்று; மேடையை ஒரு தொழிற்றலமாகக் கருதி அரசின் பரிசோதகர் உள்ளே நுழைந்து கயிற்றைப் பிடித்துப் பார்த்தமையே.

இலங்கையின் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பெற்றபோது நட்டஈட்டின் உச்சவரம்பு 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குச் செல்லும் வழியிலும் மீளும் வழியிலும் நேரும் விபத்தும் அதனுள் அடங்கிற்று. இரவெல்லாம் ஆடி, விடியற்காலையிற் சிற்றுந்தில் ஊர் திரும்பும் இசைநாடகக் குழுவினருக்கு இவ்விரண்டாவது திருத்தம் மிகவும் வேண்டப்படுவது. அவர்களை அழைத்தவர் பெரும்பாலும் ஒரு கோயிற் சபையாரோ சனசமூக நிலையத்தாரோ ஆவர். அவ்வழியில் ஒரு விபத்து நேருமாயின் ஆணையாளர் முன் முதலிற் கேட்கப்படும் வினா 1934இல் இருந்ததே: உம்மை வேலைக்கமர்த்தியவர் யார், அவருடைய வியாபாரம் யாது?